காற்றுக்கு இடம் விட்டு

ஹோர்னசே தீவில் சமதரை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான். மேற்குக் கரையில் கடலை ஒட்டிக் கிடக்கும் புல்வெளி. மற்றதெல்லாம் பாறை, பாறை இல்லாத இடத்தில் சேறு. புல்வெளி ஊர்ப் பொதுச்சொத்து. ஆனால் மேய்ச்சல் சங்கத்தின் செயலாளர் டோர்மட். அங்கே மேய்கிற மாடுகளில் பாதி டோர்மட்டின் மாடுகள். ஆகவே 'பொது' என்பதற்கு அவர் தம் வசதிப்படி ஒரு பொருள் வைத்திருந்தார்.

அந்த நிலத்தில்தான் ஷின்டி ஆட வேண்டும் என்று வந்து நின்றாள் தபால்காரி ஷோனாக்.

ஹாக்கி போன்ற அந்த ஷின்டி ஆட்டம் தீவுக்குப் புதியதல்ல. ஒரு காலத்தில் புத்தாண்டன்று ஊரே இரண்டாகப் பிரிந்து கடற்கரையில் வளைந்த மட்டையும் பந்துமாக மோதிக்கொள்ளும். மரமே இல்லாத தீவு என்பதால் கடல்பாசியின் தடித்த தண்டைக்கூட மட்டையாக்கி ஆடியிருக்கிறார்கள். போர் வந்தது, ஆடுகிறவர்கள் கப்பலேறிப் போனார்கள், திரும்பி வந்த சிலருக்கும் ஆடுகிற மனம் இல்லை. அவ்வளவுதான், விளையாட்டு நின்றுவிட்டது. ஷோனாக் அதைக் கடலுக்கு அப்பால் பெருநிலத்தில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டாள். பதினான்கு வருடம் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பித் தபால் வண்டி ஓட்டத் தொடங்கியவளை ஊர்க்காரர்கள் அன்பாகத்தான் நடத்தினார்கள். விருந்தாளியை நடத்துகிற மாதிரி. பிறந்த ஊரில் விருந்தாளியாக இருப்பது எவ்வளவு கசப்பு என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் பதினொரு பெண்களைச் சேர்த்தாள். மீன்பண்ணையில் வேலை செய்யும் பெக்கி ஆன், செவிலி, பள்ளி ஆசிரியை, கடைக்காரி, கடைசியாக யாரும் எதிர்பாராத விதமாகப் பாதிரியாரின் மனைவி இஷ்பெல். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் 'ஹோர்னசே ஷின்டி மன்றம்' என்று பெயர் வைத்து, சங்கக் கூட்டத்தில் போய் நிலம் கேட்டாள்.

டோர்மட் தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார்:

"ஏன் தங்கமே, பெருநிலத்துல ஆடிப் பழகின ஆட்டத்த இங்க கொண்டாந்து என் மாட்டு வயித்துல அடிக்கணுமா?"

அந்தத் தீவில் எல்லாரும் எல்லாரையும் 'தங்கமே' என்றுதான் கூப்பிடுவார்கள். டோர்மட் மட்டும் குத்தலாகப் பேசும்போது அதைத் தவறாமல் சேர்ப்பார்.

"இது நம்ம ஆட்டம் டோர்மட். உங்க தாத்தா ஆடினது."

"எங்க தாத்தா திமிங்கலம்கூடத்தான் புடிச்சாரு. நாளைக்கு அதுக்கும் ஒரு மன்றம் வைப்பியா?"

கூடம் சிரித்தது. ஷோனாக்குக்குக் காது சிவந்துவிட்டது. கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்வது அவள் பிறவிக் குணம்.

"இந்தக் கோடை முடியறதுக்குள்ள ஆர்டல்காரங்கள ஒரு ஆட்டத்துலயாவது ஜெயிச்சுக் காட்டறோம். இல்லேன்னா நிலத்த நாங்களே திருப்பிக் குடுத்துடறோம். அப்புறம் கேக்கவே மாட்டோம்!"

ஆர்டல் என்பது பெருநிலத்தில் மலைகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு. அங்கே குழந்தைகள் நடக்கும் முன்பே மட்டை பிடிக்கும் என்பார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. டோர்மட் தேநீர்க் கரண்டியைக் கீழே வைத்தார்.

"எழுதிக்கோங்கப்பா," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "இத நான் கேக்கல. அந்தத் தங்கமே சொல்லுச்சு."

கோடை முடியும் வரை என்று நிலம் கிடைத்தது, பயிற்சி தொடங்கியது. கரை ஒதுங்கிய மரத்துண்டுகளை நட்டு வடக்கு முனையில் ஒரு கோல் கட்டினார்கள். இன்னொரு கோலுக்கு மரம் கிடைக்கவில்லை; அதனால் எல்லாரும் எப்போதும் வடக்கே பார்த்தே அடித்தார்கள். இடது பக்கம் கடல். கடலிலிருந்து காற்று. ஹோர்னசேயில் காற்று என்பது வருவதும் போவதுமான ஒன்றல்ல, குடியிருப்பது. தாழ்ப்பாள் சரியில்லாத கார்க் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும். கோழியை வேலிக்கு அந்தப் பக்கம் வைக்கும். நேராக அடித்தால் பந்து வலது பக்கம் ஓடிவிடும் என்பது முதல் வாரத்திலேயே புரிந்துபோனது. கம்பத்துக்கு இடப்புறமாகக் கடலைப் பார்த்து அடித்தார்கள். பந்து வளைந்து உள்ளே வந்தது. கோடையின் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் கோல்தான் என்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். இஷ்பெல்லின் அடியில் இருந்த ஆத்திரத்தைப் பார்த்து, பாதிரியார் வீட்டில் என்னதான் நடக்கிறது என்று ஊர் கவலைப்பட்டது.

அந்தத் தெம்போடு ஆர்டலுக்குப் போனார்கள். ஒன்பது கோல் வாங்கிக்கொண்டு, ஒன்றுகூடப் போடாமல் வந்தார்கள்.

ஒன்பது வாங்கியதுகூடப் பெரிதல்ல. அடித்த அடி ஒவ்வொன்றும் கோலுக்கு இடப்புறமாக, ஒரே இடத்தில், ஒரே மாதிரி வெளியே போனது. ஆர்டலின் கோல்காவலர் உனா என்ற பெரிய உடம்புக்காரி. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். முதலில் பாய்ந்து தடுக்கப் பார்த்தாள். பிறகு பாய்வதை நிறுத்தினாள். அப்புறம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்து போகும்போதும் வழியனுப்புகிற மாதிரி கையை ஆட்டினாள்.

"போயிட்டு வா கண்ணு! அம்மாவக் கேட்டதாச் சொல்லு!"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

திரும்பும் கப்பலில் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் சுருண்டு கிடந்தார்கள். பெக்கி ஆன் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்னாமல் வைத்துக்கொண்டு அழுதாள். பெருநிலக் கரை மறைந்து, திறந்த கடலுக்கு வந்ததும் காற்று கன்னத்தில் அறைந்தது. இஷ்பெல் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, கப்பல் கொடி படபடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷோனாக்," என்றாள் மெதுவாக. "அங்க காத்து அடிச்சுதா?"

"எங்க?"

"ஆர்டல்ல. சுத்தி மல, சுத்தி மரம். ஒரு இலை ஆடல. நான் பாத்தேன், ஆனா மண்டைல ஏறல."

ஷோனாக் அவளையே பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! இல்லாத காத்துக்கு இடம் விட்டு அடிச்சிருக்கோம்!"

முதலில் சிரித்தது பெக்கி ஆன்தான், கண்ணில் நீரோடு. பிறகு கப்பலில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். ஷோனாக் மட்டும் சிரிப்பின் நடுவே விரல்விட்டு நாட்களை எண்ணினாள். ஆர்டல்காரர்கள் பதில் ஆட்டத்துக்குக் கோடையின் கடைசிச் சனிக்கிழமை வருகிறார்கள். அதில் தோற்றால் நிலம் போய்விடும், நிலம் போனால் மன்றம் போய்விடும். இந்தப் பதினொரு பேரும் அவளை நம்பி வந்தவர்கள். தபால் வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும்போது, அவள் மறுபடியும் அந்த விருந்தாளியாகத்தான் இறங்க வேண்டியிருக்கும்.

"நம்ம ஊர்ல ஆடறப்போ காத்து நம்ம கட்சிதானே," என்றாள் பெக்கி ஆன்.

"காத்து யார் கட்சியும் இல்ல. அன்னிக்குன்னு பாத்து நின்னுடுச்சுன்னா? நேரா அடிக்கவும் கத்துக்கணும்."

நேராக அடிக்கக் காற்று இல்லாத இடம் வேண்டும். ஹோர்னசேயில் அப்படிப்பட்ட பெரிய இடம் ஒன்றுதான்: மாட்டு ஏலக் கொட்டகை. சாவி டோர்மட்டிடம்.

வேறு வழியில்லை, போனாள். தோற்ற செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும் என்பது தெரியும். கேலிக்குத் தயாராகத்தான் கதவைத் தட்டினாள். ஆனால் டோர்மட்டின் முகம் வேறு மாதிரி இருந்தது. பால் திரிந்த மாதிரி இருந்தது.

"உள்ள வா. என் மச்சான் ஆர்டல்ல இருக்கான், தெரியுமில்ல? நேத்துலேர்ந்து மூணு தடவ போன் போட்டுட்டான். 'ஏன் மச்சான், உங்க ஊர்ல கோல் கம்பத்த மைதானத்துக்கு வெளிய நடுவீங்களா?'ன்னு கேக்கறான். பின்னாடி அவன் பொண்டாட்டி சிரிக்கறது எனக்குக் கேக்குது. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"கொட்டகைச் சாவியக் குடுங்க. நான் பதில் சொல்றேன்."

விஷயத்தைச் சொன்னாள். டோர்மட் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் கை நீட்டியதும் அதன்மேல் தம் கையை வைத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன் தங்கமே. நீங்க தோத்தா திங்கக்கிழமை என் மாடு அந்தப் புல்லுல நிக்கும். அதுல மாத்தம் கெடையாது. நிலம் வேற, மானம் வேற."

"புரியுது."

"சாணிய நீங்கதான் அள்ளணும்."

அள்ளினார்கள். கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் கோல் வரைந்து அடித்தார்கள். பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா? கோலுக்கு இடப்புறம் ஏலம் விடுகிறவர் நிற்கும் மரக்கூண்டு இருந்தது. முதல் நாளிலேயே அது இரண்டு பலகை இழந்தது. இரண்டாம் நாள் கதவு போனது. இஷ்பெல் அடித்த ஒரு பந்து கூண்டுக்குள் புகுந்து மணியை அடித்துவிட்டு வெளியே வந்தது. "போச்சு, பாதிரியாரம்மா மாடு வாங்கிட்டாங்க!" என்று பெக்கி ஆன் கத்தினாள். மாலைதோறும் அடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர. ஞாயிறு கர்த்தரின் ஓய்வுநாள், அன்று அந்தத் தீவில் துணிகூடக் காயாது. கூண்டில் பந்து படுவது குறைந்து, ஒரு வாரம் முழுக்கப் படாமலே போனபோது ஷோனாக் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. ஷோனாக் விழித்ததும் ஏதோ தப்பாக இருப்பதாக உணர்ந்தாள். என்னவென்று புரியச் சற்று நேரமானது. ஜன்னல் தடதடக்கவில்லை.

வெளியே வந்து பார்த்தாள். கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. கொடியில் துணி தொங்கியது. தீவில் துணி தொங்குவதை அவள் அன்றுதான் பார்த்தாள், எப்போதும் அது படுத்துக்கொண்டேதான் காயும். காற்று நின்றதும் அதற்குப் பயந்து ஒளிந்திருந்த பொடிக்கொசு அத்தனையும் எழுந்து வந்துவிட்டது. ஆர்டல்காரிகளுக்கு அது பழகின சனியன். தீவுக்காரிகள் ஆட்டம் தொடங்கும் முன்பே கன்னத்திலும் கழுத்திலும் அறைந்துகொண்டு நின்றார்கள்.

ஊர் முழுக்க வந்திருந்தது. படகுத் துடுப்புகளை நட்டுத் தெற்கு முனையிலும் ஒரு கோல் எழுப்பியிருந்தார்கள். கோல் கம்பத்தருகே கொடி பிடித்து நிற்க ஆள் தேவைப்பட்டது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று சொல்வது அவர் வேலை. கோல் என்றால் கொடி மேலே போகும். வடக்குக் கோலில் நிற்க டோர்மட் தாமே முன்வந்தார்.

"நான் நிக்கறேன். அப்பத்தான் யாரும் ஏமாத்த முடியாது."

யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் பாதியில் ஆர்டல் இரண்டு கோல் போட்டது. மூன்றாவதும் நாலாவதும் விழுந்திருக்க வேண்டியவை. கோல்காவல் நின்ற பெக்கி ஆன் ஒன்றை உள்ளங்கையால் தடுத்தாள், இன்னொன்றை மூக்கால். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, அது ஏற்கெனவே கோணல்தான்" என்றாள். பிறகு பந்து செவிலியின் மட்டையில் பட்டு ஆசிரியைக்கு வந்தது. ஆசிரியை அடித்தாள். நேராக. கொட்டகைச் சுவரில் அடித்த மாதிரி. உனா கையை இடுப்பிலிருந்து எடுக்கும் முன்பே பந்து வலைக்குள் இருந்தது.

ஊர் போட்ட சத்தத்தில் வேலிக்கு அப்பால் நின்ற மாடுகள் மிரண்டு ஓடின.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. தீவுக்காரிகள் இப்போது வடக்கே பார்த்து ஆடினார்கள். மாலைக் கப்பலை ஆர்டல்காரிகள் விட முடியாது. மறுநாள் ஞாயிறு, அன்று ஆட்டம் என்ற பேச்சே இல்லை. அதற்கப்புறம் கோடையும் இல்லை. சமநிலையில் முடிந்தாலும் வெற்றி ஆகாது. இஷ்பெல் இரண்டு பேரைத் தோளால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போய், இரண்டாவது கோலைப் போட்டாள். பாதிரியார் எழுந்து நின்று கைதட்டி, பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டுக்கு இரண்டு.

அப்புறம் பந்து நகரவே மறுத்தது. இங்கே அடித்தால் அங்கே, அங்கே அடித்தால் இங்கே. கப்பல் துறையில் நுழைகிற சங்கொலி கேட்டது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஷோனாக்குக்குக் கால் ஓய்ந்துவிட்டது. 'என் வாய்தான், எல்லாம் என் வாயாலதான்' என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது கழுத்தில் கடித்துக்கொண்டிருந்த கொசு கடிப்பதை நிறுத்தியது.

அவள் கையைத் தூக்கினாள், கொசுவை அடிக்கத்தான். கொசு இல்லை. ஒன்றுகூட இல்லை. இடது கன்னத்தில் லேசான குளிர்ச்சி. டோர்மட்டின் கையிலிருந்த கொடி, தூங்கி எழுந்த மாதிரி ஒருமுறை புரண்டது, மறுபடி புரண்டது, பிறகு விறைத்து நின்றது. காற்று வீடு திரும்பிவிட்டது.

ஆர்டல்காரிகள் அதைக் கவனிக்கவில்லை. கடற்காற்றில் வளராதவர்களுக்கு அது வெறும் காற்று. அவர்களில் ஒருத்தி பந்தைத் தூக்கி அடித்தாள். அது எதிர்பார்த்த இடத்துக்குப் போகாமல் காற்றில் ஒதுங்கி, ஷோனாக்கின் காலடியில் வந்து விழுந்தது. கோல் வெகுதூரம். முன்னால் மூன்று பேர். ஓடுவதற்கு நேரம் இல்லை.

"அடி ஷோனாக்!" என்று யாரோ கத்தினார்கள்.

நேராகவா, காற்றுக்கு இடம் விட்டா? யோசிக்கவில்லை. அந்தப் புல்வெளியில் கோடை முழுக்க அடித்த அடி அது. கடலைப் பார்த்துத் திரும்பி, மட்டையைத் தலைக்கு மேல் சுழற்றி, இடது கம்பத்துக்கு நன்றாக வெளியே, காற்றைத் தேடிப் போவது மாதிரி கடலை நோக்கி அடித்தாள்.

உனா பார்த்தாள். அவளுக்கு அந்தப் பந்தை நன்றாகத் தெரியும். சொந்த ஊரில் ஆட்டம் முழுக்க வழியனுப்பிய அதே பந்து, அதே பாதை. முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. இடது கையை இடுப்பில் வைத்தாள், வலது கையைத் தூக்கி ஆட்டினாள்.

"போயிட்டு வா கண்ணு!"

பந்து போகவில்லை. காற்று அதைத் தோளில் கைபோட்டுத் திருப்பிக் கூட்டி வந்தது. உனா ஆட்டிய கை ஆட்டியபடி நிற்க, அவளுக்கும் இடது கம்பத்துக்கும் நடுவே, கம்பத்தை உரசிக்கொண்டு பந்து உள்ளே நுழைந்தது. அந்தக் கோலின் வலை அடியில் கிழிந்திருந்தது. பந்து அது வழியே புகுந்து பின்னால் புல்லில் உருண்டது.

"வெளிய!" உனா அலறினாள். "கம்பத்துக்கு வெளிய போச்சு! நான் பாத்தேன்!"

ஆர்டல்காரிகள் எல்லாரும் கத்தினார்கள். நடுவர் தூரத்தில் இருந்தார். அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவர் டோர்மட்டைப் பார்த்தார். ஊரும் டோர்மட்டைப் பார்த்தது. கம்பத்தருகே நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். கோல் இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். திங்கட்கிழமை அவர் மாடுகள் அந்தப் புல்லில் நிற்கும்.

டோர்மட் புல்லைப் பார்த்தார். நல்ல புல். தீவிலேயே நல்ல புல். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு கொடியைத் தலைக்கு மேல், கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்கினார்.

"உள்ள!" என்றார். அவர் குரல் கப்பல்துறை வரை கேட்டிருக்கும். "என் ரெண்டு கண்ணால பாத்தேன். உள்ள!"

நடுவர் ஊதினார். நடுவிலிருந்து பந்தை ஒருமுறை தொட்டார்கள், அவ்வளவுதான், முடிவுக்கும் ஊதிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை ஹோர்னசேக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாதிரியார் மனைவியைத் தூக்கிச் சுற்றினார் என்கிறார்கள், பாதிரியார் மறுக்கிறார். பெக்கி ஆன் மூக்கில் பஞ்சோடு பாடினாள். உனா நேராக ஷோனாக்கிடம் வந்து, "பாவி, என்னக் கை ஆட்ட வச்சே கோல் போட்டியே!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். தபால் வண்டி போய் நிற்கும் எல்லா வீட்டுக்காரர்களும் ஷோனாக்கின் முதுகில் அறைந்தார்கள். கோல் போட்டது யார் என்று ஆர்டலிலிருந்து வந்த ஒருவர் கேட்டதற்கு, கடைக்காரியின் அப்பா "அதுவா? நம்ம ஷோனாக்" என்றது அவள் காதில் விழுந்தது. அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது; கொசு கடித்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டாள். காற்றில் கொசு ஏது?

டோர்மட் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"திங்கக்கிழமை என் மாட்ட எங்க ஓட்டறதுன்னு நீயே ஒரு எடம் சொல்லிடு தங்கமே. பாறைல புல்லு மொளைக்கற எடமா இருந்தா நல்லது."

"டோர்மட்..." அவர் கையிலிருந்த கொடியைப் பார்த்தாள். "நீங்க நெனச்சிருந்தா..."

"நிலம் வேற, மானம் வேறன்னு சொன்னேனில்ல? தள்ளு, எனக்கு வேல இருக்கு."

அவர் ஏற்கெனவே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டிருந்தார். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும் அவர் முகம் மலர்ந்த மாதிரி ஷோனாக் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மச்சான்? ஆமா, நான்தான். உன் பொண்டாட்டியையும் பக்கத்துல கூப்புடு, அவளும் கேக்கட்டும். எங்க ஊர்ல கோல் கம்பத்த எங்க நடுவோம்னு அன்னிக்குக் கேட்டியே..."